அரைக்கிலோ சாவி

திரியெஸ்தே நகரில்
காற்று முற்றும் நாட்களில்
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத்
தெருவோரம் கயிறு கட்டுவார்களாம் முன்பெல்லாம்.
எனக்கு யாரும் கட்டியிருக்கவில்லை.
பெட்டியோடு பெட்டியாக உருண்டுதான்
அந்த நான்காம் மாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
செல்லாத பத்து லீரா.
கீழ்க்கதவருகே ஒரு சோப்புப் பெட்டியில்
ஒன்பது நாணயங்கள் வைத்திருக்கிறார்கள்.
ராத்திரியில் லிவியோ உண்டியலைத் திறந்து
அவற்றை எண்ணி
மீண்டும் கீழே கொண்டுபோய் வைக்கிறார்,
படியிறங்கி.

அறைகளுக்கு எண் கிடையாது, எடை உண்டு.
அவர்களுடைய அப்பா துறைமுகத்தில் காப்பி மூட்டை நிறுத்தவர்;
விட்டுப்போன பித்தளை எடைக்கற்களில்
சாவிகளைக் கோத்துவிட்டார்கள்.
நூறு கிராமில் கிராத்ஸ் நகரத்து ப்ரூக்லர்,
பியானோக்களுக்குச் சுருதி கூட்டுபவர்.
இருநூறு காலி.
நான் அரைக்கிலோ.
ஊர் சுற்றிய நாளெல்லாம்
என் கோட்டு வலப்பக்கமே சாய்ந்து நடந்தது.

படுக்கை தம்பி லிவியோவுடையது.
விரிப்பின் மூலைகளைத் தபால் உறைபோல மடித்திருப்பார்;
தூங்க வேண்டுமென்றால் பிரித்துக்கொண்டு உள்ளே போகணும்.
காலை உணவு அக்கா ஒந்தீனாவுடையது.
ஒரு முட்டை, இரண்டு ரொட்டி,
கேட்காமலே மூன்றாவது கோப்பைக் காப்பி.
நடையில் கறுப்பு ஓடு முடிந்து
சிவப்பு ஓடு தொடங்கும் இடம்
இருவருக்கும் எல்லை.
பேச்சுவார்த்தை இல்லை.
அதற்குத்தான் நாம் இருக்கிறோம்,
வாடகையும் கொடுத்து.

"சமையலறையிடம் சொல்லுங்கள்,
வெங்காய வாடை என் தலையணைவரை வருகிறது."
"படுக்கையறையிடம் சொல்லுங்கள்,
தலையணைக்கு மூக்கிருந்தால் வெட்டிவிடட்டும்."
சொன்னேன்,
உப்பைக் கொஞ்சம் குறைத்து.

எல்லாம் ஒரு ஜன்னலால் வந்தது என்றார் ப்ரூக்லர்.
முப்பது வருடத்துக்கு முந்தைய ஜன்னல்.
திறந்தவன் அவன் என்கிறாள் அக்கா.
சாத்தாதவள் அவள் என்கிறான் தம்பி.
காற்று எதைத் தூக்கிக்கொண்டு போனது என்பதை மட்டும்
இருவருமே சொல்வதில்லை.
லாட்டரிச் சீட்டு என்பது ப்ரூக்லரின் ஊகம்.
என் ஊகம்
அன்றன்றைக்கு மாறியது.

மூன்றாம் நாள் இரவு
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே லிஃப்ட் நின்றது.
ஊரே இருட்டு.
கம்பிக் கூண்டுக்குக் கீழே, ரொட்டியோடு ஒந்தீனா;
அவளுக்கு என் செருப்பு.
மேலே மெழுகுவர்த்தியோடு லிவியோ;
அவருக்கு என் வழுக்கை.
மெக்கானிக்கின் எண் அவளுக்கு மனப்பாடம்.
தொலைபேசி அவர் பக்கம்.
ஒவ்வோர் எண்ணாக வாங்கி மேலே அனுப்பினேன்.
ஐந்தாவதில்
காற்று கூண்டுக்குள் புகுந்து என் வாயை அடைத்தது.

"ஆறா, ஏழா?"
என்னைக் கேட்கவில்லை அந்தக் குரல்.
என்னைத் தாண்டிப் போனது.

"ஏழு.
எப்பவும் ஏழுதான்."

மேலே கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு டயல் சுழலும் ஓசை.
ஏழு
திரும்பி வர நெடுநேரம் பிடித்தது.

மறுநாள் காலை
எதையோ எதிர்பார்த்து முட்டையை உடைத்தேன்.
முட்டைதான் இருந்தது.
"படுக்கையறையிடம் சொல்லுங்கள்" என்று தொடங்கினாள் ஒந்தீனா,
பிறகு யோசித்து,
"ஒன்றுமில்லை, காப்பி ஆறுகிறது."
ரசீதுகள் இரண்டு, கையெழுத்துகள் இரண்டு.
கூண்டில் கிடந்த நேரத்துக்கு
இரண்டிலும் தனித்தனியே கழித்திருந்தார்கள்.

ரயில் மொன்ஃபல்கோனே தாண்டிய பிறகுதான் பார்த்தேன்,
கோட்டு இன்னும் சாய்ந்தே இருந்தது.

ஊதினேயில் இறங்கி அஞ்சலகம் தேடிப் போனேன்.
தராசில் வைத்த பெண்
ஐந்நூற்றுப் பதினாறு என்றாள்.
சாவி மட்டும் பதினாறு கிராம் போல.
படிவத்தை நீட்டினாள்.
பெறுநர் பெயருக்கு ஒரே ஒரு கோடு.
"சீக்கிரம்" என்றார்
வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்.