எட்டுக்குப் பத்து

வரைபடத்தின் வடமேற்கு மூலையில்
ஜெனரேட்டர் ரூம் இல்லை என்பதைத்
திம்மராயன்தான் முதலில் கண்டுபிடித்தார்.
"மறந்துட்டீங்களா மேடம்?"
பர்கூர் வட்டாரத்தில் பதினோரு கட்டடம் முடித்தவர்.
பதினொன்றிலும் எட்டுக்குப் பத்தில்
கரி படிந்த அறை ஒன்று கட்டியவர்.

மறக்கவில்லை என்றேன்.
பிரசவ வார்டு, பன்னிரண்டு கட்டில்.
சுவர் இரண்டடி கனம்.
ஜெகதேவி குவாரியில் ஓரம் உடைந்ததென்று
ஒதுக்கிப் போட்ட கருங்கல்.
பங்குனி ராத்திரியின் குளிரைக் கடன் வாங்கி
மறுநாள் மூன்று மணிவரை
வட்டியில்லாமல் திருப்பித் தரும்.
"வட்டியில்லாத கடனா, இந்த ஊர்லயா?"
சிரித்தபடி தெலுங்கில் முணுமுணுத்துக்
கணக்குப் போட்டார்.

மேற்கு வெயிலுக்கு முதுகைக் காட்டி
ஆடிக் காற்றுக்கு மட்டும்
சந்து விடும் கட்டடம்.
கூரையெல்லாம் சோலார் பலகை.
படிக்கட்டுக்கு அடியில் பேட்டரி.
மூன்று நாள் மூடிய வானத்துக்கும்
கணக்கு இருக்கிறது என்றேன்.

நர்ஸ் நவமணி கேட்டார்:
"நாலாவது நாள்?"

டீசல் தீர்ந்துபோன ஓர் இரவில்
செல்போனை வாயில் கவ்விக்கொண்டு
தையல் போட்டவர் அவர்.
வெளிச்சம் ஆடக் கூடாதென்று
மூச்சை அடக்கியதாகச் சொன்னார்.

அன்றிரவு மறுபடி வரைந்தேன்.
நாலாவது நாள்
மின்விசிறியும் மோட்டாரும் தூங்கட்டும்;
சுவர் பார்த்துக்கொள்ளும்.
பிரசவ அறை விளக்குக்கும்
பிள்ளையைக் கிடத்தும் சூட்டு மேசைக்கும்
தனிக் கம்பி, தனிப் பேட்டரி.
கீழே பேக்கரியில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.
என் மேசை விளக்கும்
அந்தத் தயவில்தான் எரிந்தது.

இதையும் சொல்ல வேண்டும்:
கல்லை அறுத்தது டீசல்.
ஏற்றி வரப்போகும் லாரி டீசல்.
சிமெண்டின் சாம்பல் நிறத்துக்குப் பின்னால்
எங்கோ எரிந்த நிலக்கரி.
திம்மராயனிடம் ஒப்புக்கொண்டேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"எங்கப்பன் நாளைக்கு ரெண்டு கட்டு பீடி.
நான் தொட்டதில்ல.
அது மாதிரின்னு வெச்சுக்கலாமா?"

வைத்துக்கொண்டோம்.

மிச்சம் அந்த எட்டுக்குப் பத்து.
நவமணி பென்சிலை வாங்கி
"துணைக்கு வர்ற பொம்பளைங்க
நடைபாதையில படுக்கறாங்க" என்று
ஆறு பாய்களை வரைந்தார்,
கோணல்மாணலாக, அளவுகோலுக்கு அடங்காமல்.
எட்டுக்குப் பத்தில் ஆறு பாய் விரியாது.
பத்துக்குப் பன்னிரண்டு ஆக்கிவிட்டேன்.

திம்மராயன்
கூடுதல் நாற்பது சதுர அடிக்கு
ரேட் கேட்டுக்கொண்டிருக்கிறார்.