ஆக்சிலேட்டர் கால்

கோரிப்பாளையம் சந்து, முதல் மாடி.
பாலத்தில் லாரி போனால் என் மேஜை நடுங்கும்.
அடங்கும்வரை மைக்ராஸ்கோப்பிலிருந்து
கண்ணை எடுத்துக் காத்திருப்பேன்.

ஒச்சுக்காளை, நாற்பத்தேழு,
உசிலம்பட்டி பஸ் டிரைவர்.
சீட்டில் இவ்வளவுதான். மீதியை மனைவி சொன்னார்:
ராத்திரி ரெண்டு மணி,
வலது பெருவிரல் கணு மிளகாய்ப்பழமாய்ச் சிவந்து
போர்வை பட்டால் அலறல்,
ஃபேன் காத்து பட்டாலும்.
சுளுக்கென்று நீவ வந்தவரைக் கடிக்கப் போனாராம்.
யூரிக் அமிலம் சரியாத்தான் இருக்கு,
சீழ் கட்டியிருக்கும் என்றது முதல் ஆஸ்பத்திரி.

வலி ஏறும் நாளில்
அந்த எண் சிலசமயம் இறங்கி நின்று பொய் சொல்லும்.
இந்த டாக்டருக்கு அது தெரியும்.
கணுவில் ஊசி போட்டு
இரண்டு சொட்டு அனுப்பினார், மோர்க் கலங்கலாய்.

கிருமி வளருமா என்று ஒரு தட்டில் போட்டேன்,
இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு.
மிச்சத்தைக் கண்ணாடியில் வைத்து
வடிகட்டிகளைக் குறுக்கே திருப்ப,
வட்டம் இருண்டது.
இருட்டில்
ஊசிகள்.
சில, வெள்ளணுவைத் துளைத்து வெளியே நீட்டியபடி.
மேடையைத் திருகினேன்.
மஞ்சளாய்க் கிடந்தது நீலமானது.
அழகாக இருந்தது.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

அன்றே ஜொகரா பீவியின் முழங்கால் நீர்.
குட்டைச் சாய்சதுரங்கள், நிறமும் எதிர்மாறு.
போலி கவுட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
படியேற முடியாமல் ஆட்டோவிலேயே இருந்தாரே,
அவரிடம் போய்ச் சொல்லட்டும்
போலி என்று.

ஆறு வாரம் கழித்து
ஒச்சுக்காளை செருப்போடு வந்தார்.
"அதக் காட்டுங்க."
படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.
"இத மிதிச்சுக்கிட்டா செக்கானூரணி வரைக்கும் ஓட்டுனேன்?"

வலி தணித்த மாத்திரை
கண்வலிக் கிழங்கின் விதையிலிருந்து வருவது என்றேன்.
"எங்க வேலியில கெடக்கு. ஆடுகூட வாய் வைக்காது."
நீங்களும் தொடாதீர்கள், ஆளைக் கொல்லும்,
மாத்திரை என்றால் அளந்தது.
"தெரியும்மா" என்றார்.
அதற்குமேல் அதைப் பேசவில்லை.

தினசரி மாத்திரைதான் அவருக்குப் புரியவில்லை.
வலியே இல்லை, எதற்கு?
பிரேக் பிடிக்காத அன்றைக்கு மட்டுமா
பிரேக்கைப் பார்ப்பீர்கள் என்றேன்.
"எங்க டிப்போவுல அப்படித்தான் பாக்குறாய்ங்க."

இன்றைய எண் ஏழு புள்ளி இரண்டு.
ஆறுக்குக் கீழே வரவேண்டும்.
தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
படியிறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன்:
வலது கால்
கொஞ்சம் யோசித்தே ஊன்றியது.

லாரி ஒன்று பாலம் ஏறியது.
மேஜை அடங்கக் காத்திருந்தேன்.