பூஜ்யம் புள்ளி பதினொன்று

பராமரிப்பு மின்தடை, காலை ஒன்பதிலிருந்து.
பல்லடம் பேருந்து நிலையத்துக்கு எதிரே
ஜெனரேட்டர் ஓடுகிற ஒரே பேக்கரி.
மூன்று மடிக்கணினிக்கு ஒரே ப்ளக்.
வாய்க்கால் தண்ணீரைப் போல
முறை வைத்து சார்ஜ் பாய்ச்சிக்கொள்கிறோம்.

வள்ளம் என்று பேர் வைத்தவன் சென்னியப்பன்.
நாலு படி, ஒரு வள்ளம்.
அளந்து கொட்ட, அவ்வளவுதான்.
பட்டன் கிடையாது, படம் கிடையாது.
கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால்
தரவுத்தளத்திலிருந்து வரிவரியாய் விழும்.
யாரும் காசு தருவதில்லை, கேட்டு எடுப்பதுமில்லை.
எங்கெங்கோ ஓடுகிறது;
குறை வந்தால்தான் எங்களுக்கே தெரியும்.

அடுத்த வெளியீட்டில் என்னென்ன?
சாயப்பட்டறை ரசீதின் முதுகில் எழுதுகிறேன்.

கட்டம்.
ஆங்கிலப் பேருக்கு நேராய் நிற்கிற கோடு
கொடுமுடி வந்ததும் உள்ளே சாய்கிறது.
கொம்பு, கால், சுழி எல்லாம் தனி ஆளென்று எண்ணி
நாலு பேர் வந்த பந்தியில்
எட்டு இலை போடுகிறது எங்கள் கருவி.
"பதினாலு வரி மாத்துனாப் போதும், எழுதிட்டேன்,"
என்கிறாள் ஜுவைரியா.
"சோதிச்சுப் பாக்க ஊர்ப்பேரு சொல்லுங்க."
மொடக்குறிச்சி. ஊத்துக்குளி. பொங்கலூர்.
"க.பரமத்தி! அந்தப் புள்ளியை உட்ராத."

நிறம் வேண்டும் என்கிறான் சென்னியப்பன்,
எண்ணுக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று.
நொய்யலுக்கு ஊத்துனது பத்தாதா என்று கேட்டு
அடித்துவிட்டோம்.

வெற்றுக் கட்டம்.
திருப்பூரில் ஒரு தொழிலாளர் விடுதிப் பதிவேடு,
இருநூற்றுப் பதினாறு பெண்கள்.
தகப்பன் பேர்ப் பத்தியில் முப்பத்தொரு காலி.
சிலரிடம் கேட்கவே இல்லை.
சிலரிடம் கேட்டார்கள், எழுத வேண்டாம் என்றிருக்கிறார்கள்.
உள்ளே அவை இரண்டும் வேறுவேறு.
எங்கள் திரையில் ஒரே இருட்டு.
கொஞ்ச நேரம் யாரும் எதுவும் தட்டவில்லை.
கேட்காத இடத்தில் ஒரு சின்னப் புள்ளி வைப்போம்,
சொல்லாத இடத்தைச் சும்மா விடுவோம்.

அப்புறம், நான் மூன்று வெளியீடாய்த் தள்ளி வந்தது.
நிபந்தனை போடாமல் 'அழி' என்றால்
ஒருக்கா நிறுத்திக் கேட்க வேண்டும்.
"உறுதியான்னு கேட்டுட்டாப் போச்சு."
போகாது, சென்னியப்பா.
நம்மூரில் எவன் இல்லையென்றான்?
சாப்ட்டாச்சுங்களா, ஆமாங்.
வெயில் சாஸ்திங்களா, ஆமாங்.
கேள்வி முடியுமுன்னே விரல் ஆமாங் போட்டுவிடும்.
காங்கயத்தில் எடைமேடைக் கணக்கில் இருந்தபோது
ஒரு லாரியின் சீட்டை அழிக்கப்போய்
பதினோராயிரத்து நானூற்றிரண்டு லாரியை அழித்தேன்.
கொப்பரை, உமி, வைக்கோல் வண்டி எல்லாம்
ஒரு நொடியில் எடையில்லாமல் போயின.
அந்தக் கருவியும் கேட்கத்தான் செய்தது.
முதலாளி திட்டவில்லை.
சீட்டுக் கட்டுகளை மேசையில் வைத்து
"மெதுவா ஏத்துங்" என்றார்.
இருபத்தாறு ராத்திரி ஏற்றினேன்.

அதனால் ஆமா இல்லை வேண்டாம்.
எத்தனை வரி போகுமோ அந்த எண்ணையே தட்டச் சொல்வோம்.
மூன்றாவது இலக்கத்திலாவது கை நடுங்கும்.

"ராத்திரி ஆளில்லாம ஓடற ஸ்கிரிப்டு?
அது யாரு தட்டறது?"
அவன் கேட்பதும் நியாயம்தான்.
தேங்காய் பன் தீர்ந்தது, இதற்கு வழி தெரியவில்லை.
பக்கத்தில் கேள்விக்குறி போட்டு
பூஜ்யம் புள்ளி பன்னிரண்டு என்று எழுதி, அதையும் அடித்து,
மறுபடி பதினொன்று என்று எழுதுகிறேன்.

கரண்டு வந்துவிட்டது. ஜெனரேட்டர் நின்றதில்
எல்லோர் குரலும் திடீரென்று பெரிசாய்க் கேட்கிறது.

"பில்லு மூணாங்களா, ஒண்ணாவே போட்டர்லாங்களா?"

"ஆமாங்," என்கிறேன்
பை ஜிப்பை இழுத்துக்கொண்டே.