களியக்காவிளை – வடசேரி

காலை ஐந்தே முக்காலுக்கு
எட்டாம் நம்பர் ஷூ சரியாகத்தான் இருக்கிறது.
மூன்றாவது நடைக்குள்
அது வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது.

குழித்துறைப் பாலம் தாண்டியதும்
சாக்ஸை இறக்கி, கணுக்காலுக்கு மேலே
பெருவிரலால் அழுத்தினேன்.
இருபத்தாறு வருஷம் டிக்கெட் கிழித்த விரல்.
குழி விழுந்தது.
ஒரு ரூபாய்க் காசைப் படுக்க வைக்கலாம்.
வைத்தும் பார்த்தேன்.

பஸ்ஸுக்குள் ரகசியம் ஏது?
மார்த்தாண்டத்தில் கூடையோடு ஏறியவள்
'உப்பு, மக்ளே. கருவாட்ட விடு' என்றாள்,
கருவாடு விற்கப் போகிறவள்.
சுவாமியார்மடத்துக்காரர் கிட்னி என்றார்.
தன் மச்சினனுக்கும் இப்படித்தான் தொடங்கியதென்று
ஆரம்பித்தவர்
அழகியமண்டபத்துக்குள் மச்சினனையே முடித்துவிட்டார்.
தக்கலையில், 'நிக்கிய சோலி இல்லியா,
அப்பிடித்தான் இருக்கும்.'
வில்லுக்குறியில் யாரோ யானைக்கால் என்றதும்
பக்கத்தில் இருந்தவர்
ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார்.
ஏசுராஜன் கண்ணாடியில் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த பிரேக்கை மட்டும் மெல்லப் போட்டான்.

ராத்திரி இரண்டு தலையணைமேல் கால்,
ஹெலன் ஜாய் தரும் நெருஞ்சில் வெள்ளம்.
விடிந்தால் வடிந்திருக்கும்.
டாக்டரைப் பார்க்கப் போகும் காலையில்
என் கால்கள் நிரபராதிகள்.

சுங்கான்கடையில் இறங்க எழுந்த பெண்,
மருந்துக்கடையில் வேலை போலிருக்கிறது,
கம்பியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்:
'அண்ணே, பிரஷருக்கு என்ன மாத்திரை?'
வெள்ளை, சின்னது.
ஐந்து, போன மாதம் பத்தானது.
'அதுனாலயும் வீங்கும். நெறய பேருக்கு வரும்.
நீங்களா நிறுத்திராதிய.
டாக்டர்ட்ட சாயங்காலம் போய்க் காட்டுங்க,
வேற மாத்தித் தருவாவ.'

அவளுக்குத் தர வேண்டிய
இரண்டு ரூபாய் பாக்கிக்காகப்
பைக்குள் கையை விட்டேன்.
சில்லறைக்கு அடியில் விரலில் தட்டின,
ஞாயிறு, திங்கள், செவ்வாய்.
முழுங்கினேன் என்று வீட்டில் சொன்னவை.
ஒன்றின் ஓரம் பொடிந்து
காசெல்லாம் மாவாகியிருந்தது.

அவள் இறங்கிவிட்டாள்.
விசில் ஊதினேன்.
காதுக்குள் இன்னொரு விசில்,
சில நாளாய் இருப்பது,
அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

வடசேரி.
லேசைக் கட்டாமலே இறங்கினேன்.
ஏசுராஜன், 'சாயா?' என்றான்.
'சாயங்காலம் ஆஸ்பத்திரி வரைக்கும்
கூட வாறியா?' என்றேன்.
'ஷூவ முதல்ல கட்டு, விழுந்து தொலைக்காத.'

குழி எப்போதோ நிரம்பிவிட்டது.
அதில் படுக்க வைத்த காசு
எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.
கணக்கில் ஒரு ரூபாய் குறைகிறது.