நான்காம் குழாய்

நாடாவின் நுனியில் கட்டிய பித்தளைக் குப்பியை
நான்காம் குழாய்க்குள் இறக்கினேன்.
காதைக் குழாயின் வாயில் வைத்தேன்.
'பொளக்' என்று கேட்ட இடத்தில்
நாடாவை நகத்தால் பிடித்து
நூற்றுப் பதினெட்டு என்று கத்தினேன்.
கிளெனிஸ் கொப்பியில் எழுதினாள்.
போன மாதம் நூற்றுப் பத்தொன்பது.
அவள் முகம் சரியில்லை.

தண்ணீர் ஏறுகிறதே என்று
மனிதர் கவலைப்பட்டதை
கட்டானிங்கில்தான் முதன்முதல் பார்த்தேன்.

அவளுடைய மாமனார்
இரண்டு புல்டோசர்களுக்கு நடுவே
கப்பல் சங்கிலி கட்டி இழுத்து
காட்டை மழித்தாராம்.
நிலம் கிடைக்க அதுதான் நிபந்தனையாம்.
குடிக்க வேரில்லாத அடித்தண்ணீர்
மெல்ல மேலே வந்தது,
சும்மா வரவில்லை,
உப்பையும் தூக்கிக்கொண்டு.
கோதுமை நின்ற பள்ளம் இப்போது
உப்பளம் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.
உப்பளமென்றால் விற்கவாவது செய்யலாம்.

காற்பந்துக் கழகக் கொட்டகையில் கூட்டம்.
ஏழு ஹெக்டேரா, அதில் பார்லி போடலாமே
என்று கிளெனிஸின் புருஷன் மர்ரே
மூன்று தரம் சொன்னார்.
லியான் எழுந்து போய்
வரைபடத்தில் பாறையைச் சுற்றி
விரலால் ஒரு வட்டம் போட்டாள்.
உழுகத்தி இதற்குள் வரக்கூடாது.
ஏன் என்று கேட்டார்கள்.
எங்கள் சனத்தின் இடம், அவ்வளவுதான் என்றாள்.
எனக்கு மூன்றில் ஒரு பங்குதான் விளங்கியது.
ஆனி மாதம் வயலுக்குப் போனபோது
உழுத கோடுகள் அந்த இடத்தில்
வளைந்து விலகிப் போயிருந்தன.

சனி இரவு முழுக்க
தொழிற்சாலையில் ஆட்டுத்தொடை பிரித்த கை,
விடிய நாற்றைத் தொட்டது.
நடுகுழாயில் நாற்றைப் போட்டு மிதித்தால்
அடியில் ஒரு சொண்டு பிளக்கும்;
மண்ணுக்கு ஊட்டிவிட்டு மூடிக்கொள்ளும்.
பள்ளத்தில் உப்புப்புதர், மேட்டில் ஜாம் மரம்.
வெட்டினால் பழப்பாகு மணக்குமாம், அதனால் அந்தப் பெயர்.
சோ டூவின் பிள்ளைகள்
யார் வரிசை முதலில் முடியும் என்று
பந்தயம் பிடித்தார்கள்.
என் வரிசைதான் கடைசி.

மறு வருடம் யாரோ படலையைப் பூட்டாமல் விட
ஆடுகள் புகுந்து முந்நூறைத் தின்றன.
ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.
அது பார்த்ததைவிட மோசமாயிருந்தது.
மர்ரே தொப்பியைக் கழற்றினார்.
நான்தான் என்றார்.
அன்றுதான் அவர் முதன்முதலாய்
ஒரு நடுகுழாயைக் கையிலெடுத்தார்.

மூன்றாம் வருடம்
ஜாம் மரங்களின் அடியில்
சந்தனக் கொட்டைகளை ஊன்றினோம்.
சந்தனம் தனியே வளராது,
பக்கத்து வேரில் வாய் வைத்துத்தான் வளரும்.
அது களவா என்று கேட்டாள்
சோ டூவின் இளையவள்.
ஒருவரும் பதில் சொல்லவில்லை.
ரொக்கையா சோற்றுப் பொதிகளை அவிழ்த்தாள்.
தேங்காய்ப்பால் மணத்தில்
கேள்வி கொஞ்சம் நின்றது, பிறகு போய்விட்டது.
எனக்குப் போகவில்லை.

திட்டப் படிவத்தில் ஒரு கட்டம்:
அறுவடைக்கு எதிர்பார்க்கும் ஆண்டு.
இருபது வருடம் தள்ளிப் போட்டோம்.
என் விசாவில் ஆறு மாதம் இருக்கிறது.

போன ஞாயிறு மறுபடி குப்பியை இறக்கினேன்.
பொளக் வரவில்லை.
இன்னும் கொஞ்சம் விட்டேன்.
பாறைப் பக்கம் கிளிகள் சத்தம்,
கையைக் காட்டி அவற்றை அடக்கப் பார்த்தேன்,
கிளெனிஸ் சிரித்தாள்.
பொளக்.
நூற்று இருபத்தாறு.
திரும்பப் போடு என்றாள்.
திரும்பவும் நூற்று இருபத்தாறு.

அவள் எழுதினாள்.
கீழ்வரியில் அடுத்த மாதத் தேதியையும் போட்டு
அளப்பவர் என்ற இடத்தில்
என்னைக் கேட்காமலே
தவபாலன் என்று எழுதினாள்,
நடுவில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு.

நான் திருத்தவில்லை.
நாடாவைத் துடைத்துச் சுற்றினேன்.