காரணம் எழுதுக

பகல் பன்னிரண்டு.
ஜன்னலில் மை கரைத்த நீலம்.
டிசம்பரில் ஹம்மர்ஃபெஸ்ட் பக்கம்
சூரியன் தலைகாட்டுவதில்லை.

வெளிச்சமெல்லாம் திரையில்தான்.
கடலடியில் நூற்றறுபது மீட்டர்.
இன்னும் தோண்டாத சுரங்கம்,
இன்னும் கட்டாத பம்ப் அறை,
அதற்குள் இறங்கும்
இன்னும் பற்றவைக்காத ஏணி.
நேற்றிரவு நான் தூங்கப் போனபின்
நிரல் இதையெல்லாம் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்திருக்கிறது.
இருநூற்றுப் பதினொரு சிவப்புப் புள்ளிகள்.
அம்மை போட்டுக் கிடக்கிறது என் வரைபடம்.

குறை சொல்வதில் அதற்குச் சலிப்பே இல்லை.
கைப்பிடி ஆறு சென்டிமீட்டர் குட்டை.
தப்பிக்கும் வழியில் குழாய் ஒன்று மூக்கை நீட்டுகிறது.
இந்தக் கதவு திறந்திருந்தால் அந்தக் கதவு திறக்காது:
மூன்று மாதம் நால்வர் உற்றுப் பார்த்தும்
கண்ணில் படாதது.
நன்றி என்றேன், திரையிடம்.
பீர்கர் சிரித்தான்.

மாலைக்குள்
(மாலை என்று கடிகாரம்தான் சொன்னது)
ஒன்றே ஒன்று மிஞ்சியது.
ஏணிக்கும் ஏணிக்கும் நடுவே, இரண்டாம் இடைத்தட்டு.
விளிம்புத் தடுப்பு போதாது.
பாறை இடம் கொடுக்கவில்லை, நான் என்ன செய்ய?
பெட்டி திறந்தது: விலக்கு வேண்டுமா, காரணம் எழுதுக.
'ஆள் நிற்காத இடம்' என்று அடித்தேன்.
என்டர் மேல் விரல்.

ஆள் என்றால் யார்?
நிரலிடம் சாம்பல் நிறத்தில் ஒரு பொம்மை உண்டு.
நூற்றெழுபத்தைந்து சென்டிமீட்டர்,
கையுறை போடாத கைகள்.
அதற்குப் பசிக்காது.
முழங்காலும் வலிக்காது.

தூரிட்டை அழைத்தேன்.
பக்கத்துத் தீவின் பழைய சுரங்கத்தில்
பத்தொன்பது வருடமாகப் பம்ப் பார்ப்பவள்.
இடைத்தட்டில் யாரும் நிற்பதில்லைதானே?
"நிற்பதா?" பின்னால் தண்ணீர் இரைச்சல்.
"உட்காருவோம்.
இருபது கிலோ பையோடு ஏறிவந்தால்
நீயும் உட்காருவாய்.
காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு
ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும்."

தொங்கப்போட்டுக்கொண்டு.
அந்த விளிம்பில்.

ஆள் நிற்காத இடம் என்பது
உண்மைதான்.
அடித்ததை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

பாறையை இன்னும் எண்பது சென்டிமீட்டர் குடையக் குறித்தேன்.
செலவைப் பார்த்து பீர்கர் முகம் சுளித்தான்,
நாளைக்குச் சண்டை இருக்கிறது.
தடுப்பை உயர்த்தினேன்.
சுவரோரம் ஒரு பலகை வரைந்தேன்,
இருவருக்கு,
நடுவே ஃபிளாஸ்க் வைக்க இடம் விட்டு.

மறுபடி ஓடவிட்டேன்.
எல்லாம் பச்சை. பலகை மட்டும் மஞ்சள்.
அடையாளம் தெரியாத பொருள்.
பொருந்தும் விதி இல்லை.
பயன்பாடு?

'உட்கார' என்று எழுதினேன்.

குறைந்தது இருபது எழுத்துகள் தேவை
என்றது.

'ரொட்டி தின்ன.
காலைத் தொங்கப்போடாமல்.'