இரவல் மூக்கு

துப்பப் பழகவே எனக்கு ஒரு வருடம் ஆனது.
முதல் முறை, மெக்லாரன் வேலில்,
தகர வாளியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்கள்.
ஆறு கிளாஸையும் விழுங்கிவிட்டேன்.
துப்பினால் அவமதிப்பு என்று வளர்ந்த வாய்.
மதியம் முழுக்கக் காரிலேயே தூங்கினேன்.

கவுண்டரில் நின்ற பையன்
என் முகத்தைப் பார்த்ததுமே மொஸ்காட்டோவை எடுத்தான்.
"இனிப்பா இருக்கும், உங்களுக்குப் பிடிக்கும்."
ஷிராஸ் கேட்டேன்.
மருந்தளவு ஊற்றினான்.
நாவற்பழம், மிளகு,
பின்னாலேயே வந்து நாக்கைச் சுருட்டிய துவர்ப்பு.
பிளம் என்றான் அவன்.
நாவலைக் கண்டானா என்ன.

பரோஸாவில் ஒருவர்
கொடிகளுக்கு நூற்றிருபது வயது என்றார்.
விலையும் அப்படித்தான் இருந்தது.
மலைப்பக்கம், கழுத்துவரை பச்சை குத்திய ஒருத்தி
வடிகட்டாத ஆரஞ்சு வைன் கொடுத்தாள்;
நேற்றைய நீராகாரம் போல.
ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன். பொய்.
அடிலெய்ட் வரும்வரை அந்தப் புளிப்பு விடவில்லை.
அடுத்த சனிக்கிழமை திரும்பப் போய்
இரண்டு பாட்டில் வாங்கினேன்.

ஏப்ரலில், வாட்டர்வேல்.
மெர்வ் நிட்ச்கேயின் ஷெட்டுக்குப் பெயர்ப்பலகை இல்லை,
ஒரு நாய் இருந்தது.
ரீஸ்லிங்கை ஊற்றினார்.
தன் கிளாஸை முகத்துக்குக் கொண்டுபோகவில்லை.
"நீ சொல்லு."
பரீட்சை என்று நினைத்து
எலுமிச்சைத் தோல், ஈரக் கல் என்று ஒப்பித்தேன்.
"அது பாட்டிலுக்குப் பின்னால நான் எழுதினது."

போன ஜூலையில் ஒரு காய்ச்சல், அதோடு போயிற்றாம்.
காபி வெந்நீர். நாய் வெறும் ஈரம்.
இந்த அறுவடை முழுக்கக் கண்ணாலும் நாக்காலும்.
வாங்குகிறவர்களுக்குத் தெரியாது.
என்னிடம் ஏன் சொன்னார்?
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்றதாலா,
அந்த ஊரில் என்னிடம் பேச யாருமில்லை என்பதாலா.

நாலாம் தொட்டியில் ஏதோ சரியில்லை என்றேன்.
என்ன சரியில்லை?
ஆங்கிலத்தில் எனக்கு ஒரே ஒரு கெட்ட வாசனைதான் தெரியும்.
நெடியா, வீச்சமா, முடையா, கமறலா
என்று உள்ளே தேடி,
கடைசியில் முட்டை என்றேன்.
"எத்தனை நாள் முட்டை?"
"நேற்று அவித்தது."
"அப்போ பிழைக்கும்."

சட்டைப்பையிலிருந்து பழைய செப்புக் காசு ஒன்று.
கிளாஸில் போட்டுச் சுழற்றி நீட்டினார்.
முகர்ந்தேன்.
"போயிடுச்சு."
"எனக்குந்தான்" என்று சிரித்தார்,
நாய் தலையைத் தூக்கிப் பார்க்குமளவுக்கு.

கிளம்பும் முன் ஒரு பழைய பாட்டில் திறந்தார்,
பதினெட்டு வருடத்தது.
அதில் என்ன இருந்தது என்று ஒப்பிக்காமல் சொன்னேன்:
மண்ணெண்ணெய்.
ஸ்டவ்வில் ஊற்றும்போது கையில் சிந்துமே, அது.
கண்ணை மூடிக்கொண்டு
தலையாட்டினார்.
பிறகு வெளியே போய் இருவரும்
சிவந்த மண்ணில் துப்பினோம், மரியாதையாக.

தேறல் என்று ஒரு பழஞ்சொல் உண்டு,
தெளிந்த மதுவுக்கு.
நோயாளி பிழைத்தாலும் தேறினான் என்கிறோம்.
வரும் வழியில்தான் தோன்றியது.
மெர்விடம் சொன்னால்
இரண்டு சொல்லாகிவிடும்.

நவம்பரில் வாசலில் ஒரு பெட்டி.
பின்பக்க லேபிளில் எலுமிச்சை இல்லை, கல் இல்லை,
எதுவுமே எழுதவில்லை.
திறந்தேன்.
முட்டை, லேசாக. இன்னும் இருக்கிறது.
இரவல் கொடுத்த மூக்கு பொய் சொல்லியிருக்கிறது,
அல்லது அவசரப்பட்டிருக்கிறது.
போனை எடுத்து, வைத்துவிட்டேன்.

வீட்டில் செப்புக் காசு ஏது.
பூஜை அலமாரியைத் திறந்து
உத்தரணியை எடுத்தேன்.
சாமி படங்களைப் பார்க்காமல்
கிளாஸில் விட்டுக் கலக்கினேன்,
மூன்று சுற்று,
பிறகு பழக்கத்தில்
இன்னும் ஒன்று.